கன்னடத்தில் சொன்ன கனவு

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை எழுதச் சொன்னது என் மகள் கீர்த்தனா. வாயால் சொல்லச் சொன்னால் பாதியிலேயே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேனாம். எழுத உட்கார்ந்தால் எங்கே போய்விடுவாய் என்று கேட்டாள். அவள் சொல்வதும் சரிதான். இன்னொரு காரணமும் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் பல பேர் தூக்கம் வரவில்லை என்று ஏதாவது ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் வாயைத் திறந்து பேசினால் எனக்குப் போதும்.

என் பெயர் விஜயா. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து முடித்த சட்டைகள் மேஜைக்கு வரும். காலர், தோள், கை, கஃப், பக்கத் தையல், அடி மடிப்பு என்று எப்போதும் ஒரே வரிசையில் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். குறை தென்பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். பல வருஷமாக இதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் எனக்குக் குறைதான் முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் கோட்டின் தோள் தையலைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன டெம்போ இருக்கிறது. அத்திபெலே பக்கத்துத் தோட்டங்களில் பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் சிட்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவார். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருகிற மனிதர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் என் பயம் முழுவதும் அந்த ரோட்டில்தான் இருந்தது.

எல்லாம் கொப்புளத்தில் ஆரம்பித்தது. இடது பக்க விலாவிலிருந்து முதுகு வரைக்கும் ஒரு பட்டையாகக் கிளம்பியது. சிவாஜிநகரில் இருக்கும் என் தங்கை கலா பார்த்ததுமே அக்கி என்றாள். அக்கி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போக மாட்டார்கள். காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்ளத்தான் போவார்கள். நானும் போனேன். எழுதுகிறவர் என் விலாவில் ஒரு சிங்கத்தை வரைந்து அனுப்பினார். குளிர்ச்சியாக இருந்தது என்னவோ உண்மை. காய்ச்சல் தாங்காமல் கடைசியில் எங்கள் தெரு டாக்டரிடம் போனபோது சிங்கம் பாதி அழிந்து, வால் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்பை விட்டு முழுதாகப் போவதில்லையாம். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு நரம்பில் பதுங்கியிருந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து அந்த நரம்பு வழியாகவே வெளியே வருமாம். அதை அடக்க மருந்து உண்டு, ஆனால் ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எனக்குக் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. நரம்பு மட்டும் ஆறவில்லை. சேலை மடிப்பு உரசினால் எரிந்தது, ஃபேன் காற்று பட்டால் எரிந்தது. பகலில் வேலை மும்முரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். படுத்தால் அந்த வலியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. தூக்கம் போய்விட்டது. தூக்கம் போனதும் கை தடுமாறியது, ஓட்டைத் துணியெல்லாம் என் மேஜையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கம்பெனி கார்டு செல்லுபடியாகும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே காத்திருப்பதே ஒரு தனி வேலை. டோக்கன் எண் மாறும் பலகையைப் பார்த்தபடி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். யாருக்கு என்ன வியாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள், எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்கள். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஒரு சின்னச் சுத்தியால் முட்டியைத் தட்டினார்கள். முடிவில் ஒரு வயதான டாக்டர், நரம்பு வலிக்கு ஒரு மாத்திரையும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். தூக்கம் வந்தால் நரம்பு தானே ஆறும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. முதல் சில நாட்கள் நான் நன்றாகத்தான் தூங்கினேன். கீர்த்தனா என்னை எழுப்பிக் காபி கொடுக்க வேண்டியிருந்தது, எங்கள் வீட்டில் அப்படி ஒரு அதிசயம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கனவு வந்தது. கம்பெனியில் என் மேஜை. சட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன. நான் தடவித் தடவித் தள்ளுகிறேன். அடுத்து வருவது சட்டை இல்லை. என் வீட்டுக்காரர் படுத்த நிலையில் வருகிறார். உடம்பு சில்லென்று இருக்கிறது. நான் அழவில்லை. காலர், தோள், கை என்று அதே வரிசையில் அவரைத் தடவிப் பார்க்கிறேன். அடிபட்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டுகிறேன். பின்னாலிருந்து சூப்பர்வைசர் டார்கெட், டார்கெட் என்று கத்துகிறான். அவரை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுகிறேன். அவர் சாய்ந்து விழும் சத்தம் கேட்கும்போது விழிப்பு வரும்.

இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. எல்லோருக்கும் கெட்ட கனவு வரும். இது அந்த மாதிரி இல்லை. விழித்த பிறகும் விரல் நுனியில் அந்தச் சில்லிப்பு இருக்கும். துணி உரசும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டிருக்கும். மறுநாள் கண்ணை மூடினால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

அடுத்த தடவை டாக்டர் தூக்கம் எப்படி என்று கேட்டார். சரியில்லை என்றேன். அது பொய் இல்லை. கனவு முடிந்து விழித்தால் என் வீட்டுக்காரர் டெம்போவை எடுக்கும் வரைக்கும், எடுத்துப் போனால் மார்க்கெட் சேர்ந்தேன் என்று சொல்லும் வரைக்கும் நான் உட்கார்ந்தே இருந்தேன். அதனால் தூக்கம் சரியில்லை என்றேன். ஏன் சரியில்லை என்பதைச் சொல்லவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அதற்கடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில், இன்னும் கொஞ்சம் கூடிய மாத்திரை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் அம்மா எங்களை வளர்த்த விதம் அப்படி. கெட்ட கனவை இன்னொரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னால் அது பலித்துவிடும். எழுந்ததும் யாரிடமும் பேசாமல் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லி அனுப்பிவிட வேண்டும். சிவாஜிநகரில் நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது நானும் கலாவும் தெருக் குழாயடியில் நின்று கனவுகளை முணுமுணுத்திருக்கிறோம். பொம்மனஹள்ளியில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தண்ணீர் டேங்கர் லாரியில் வந்து தொட்டிக்குப் போய், தொட்டியிலிருந்து பக்கெட்டுக்கு வருகிறது. பக்கெட் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றினால் அது ஓடுகிற தண்ணீர் ஆகுமா என்று எனக்கு நிஜமாகவே கவலையாக இருந்தது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, மக்கைச் சாய்த்து, என் புருஷன் செத்துப்போனதைத் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேலியாக இருக்கிறதா? கீர்த்தனா பி.காம். படிக்கிறாள், நானும் பத்தாவது பாஸ். தெரிந்தும் செய்தேன். அவர் உயிர் அந்த ரோட்டில் இருந்தது, என்னால் துணிய முடியவில்லை.

அவருக்குப் போன் மேல் போன் போட ஆரம்பித்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியாச்சா, டோல் தாண்டியாச்சா என்று கேட்பேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்.

"வண்டி ஓட்டும்போது போன் பண்ணிப் பண்ணியே என்னை ஒருநாள் சாவடிக்கப் போற நீ."

நான் போனை வைத்துவிட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு காலை அவர் காபி குடிக்கும்போது கீர்த்தனா இல்லாத சமயம் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். "இன்னா விஜி, ராத்திரியெல்லாம் ஒரே பாசமா கீது? தோளைத் தடவுற, கையைத் தடவுற." எனக்கு ஒன்றுமே நினைவில்லை. சிரித்து மழுப்பினேன். தோள், அதற்கடுத்து கை. அந்த வரிசை எனக்கு நன்றாகத் தெரியும். கனவு காணும்போது என் கையும் எழுந்து வேலை பார்க்கிறது என்று புரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது குறைவு. அவரிடம் எதைச் சொல்வது?

மாத்திரையைத் திடீரென்று நிறுத்திப் பார்த்தேன். அது இன்னும் மோசம். மருந்து அழுத்தி வைத்திருந்த கனவெல்லாம் மொத்தமாகக் கிளம்பியது போல, கண் அயர்ந்தாலே அவர் மேஜையில் இருந்தார். பயந்து மறுபடி விழுங்கினேன். அந்த வாரத்தில் ஒருநாள் தூக்கத்திலேயே எழுந்து, கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து, மாடிப்படியில் இறங்கியிருக்கிறேன். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. கீழ்ப்படியில் விழுந்து கிடந்தவளை வீட்டுச் சொந்தக்காரம்மாதான் பார்த்துக் கத்தினாராம். தலையில் தையல், மணிக்கட்டில் முறிவு. கண் விழித்தபோது கையில் மாவுக்கட்டோடு வார்டில் இருந்தேன்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்ததும் கீர்த்தனா நின்ற இடத்திலேயே அழுதாள். வலிப்பு ஏதும் இருக்குமோ என்று இன்னொரு பரிசோதனை. தலைமுடிக்கு நடுவே பசை தடவி நிறைய ஒயர்களை ஒட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. மயக்கம் வந்து விழுந்திருப்பாள் என்று எழுதிக்கொண்டார்கள். பழைய சீட்டில் என்ன மாத்திரை இருந்ததோ அதையே வார்டிலும் தொடர்ந்தார்கள். சிஸ்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியில் கொண்டுவந்து, நான் விழுங்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவள் வேலையில் குறை சொல்ல முடியாது.

வார்டில் எனக்கு எல்லாமே குறையாகத் தெரிந்தது. படுக்கையைச் சுற்றியிருந்த பச்சைத் திரையின் அடி மடிப்பு கோணல். தலையணை உறையில் நூல் பிரிந்து தொங்கியது. அதையெல்லாம் எண்ணிக்கொண்டு பகலைத் தள்ளினேன். இருட்டினால் அதுவும் முடியாது. கீர்த்தனா தரையில் பாய் விரித்துப் படுப்பாள். தன் துப்பட்டாவின் ஒரு முனையை என் நல்ல கையிலும் மறு முனையைத் தன் கையிலும் கட்டிக்கொள்வாள், நான் எழுந்தால் அவளுக்குத் தெரியட்டும் என்று. பரீட்சை நேரம் அவளுக்கு. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. கலா சிவாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி ரசம் கொண்டுவந்தாள். நான் வாயில் வைக்காமல் வைத்துவிட்டால், அதையும் திட்டாமல் தானே குடித்துவிட்டுப் போவாள்.

வார்டில் இருந்த ஒரு விடியற்காலையில் துப்பட்டாவையும் அவிழ்த்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாவின் கழுத்தையும் தோளையும் தடவியிருக்கிறேன். அவர் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. பாவம், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். திருடி என்றும் சொன்னார், பைத்தியம் என்றும் சொன்னார். என் மகள் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். அவமானத்தில் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். செத்துப்போனால் தேவலை என்று அன்றைக்கு நினைத்தேன்.

இது டாக்டர்கள் காதுக்குப் போனதும் புதிதாக ஒருவர் வந்தார். மனநலப் பிரிவிலிருந்து வந்த இளம் பெண் டாக்டர். ஹாசன் பக்கத்துக்காரர், தமிழ் கொஞ்சமும் வராது. திரையை இழுத்துவிட்டு, படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். வலி எப்படி, பசி எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

"கனசு பீளுத்தா, அம்மா?"

கனவு வருகிறதா என்று கேட்டார். இத்தனை டாக்டர்களில் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அம்மா போட்ட சட்டம் தமிழில் போட்ட சட்டம். அம்மா கன்னடம் பேசியது காய்கறிக்குப் பேரம் பேசுவதற்கு மட்டும்தான். சாவைப் பற்றியோ கனவைப் பற்றியோ அந்த மொழியில் அவள் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. எனக்கோ கன்னடம் கம்பெனி பாஷை, பாதி நாள் அதில்தான் போகிறது. அதில் சொன்னால் அந்தக் கனவு எங்கள் வீட்டைத் தேடி வராது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கடலில் விழுந்தவளுக்குக் கிடைத்த கட்டையைப் போலப் பிடித்துக்கொண்டேன்.

கன்னடத்தில் சொன்னேன். அதில் அவர் என் புருஷன் இல்லை, கீர்த்தனாவின் அப்பா இல்லை. "நம்ம யஜமான்ரு" என்று ஆரம்பித்தேன். அப்படிச் சொன்னதும் அவர் யாரோ ஒரு வீட்டின் மரியாதையான குடும்பத் தலைவர் ஆகிவிட்டார். மேஜையைச் சொன்னேன், சில்லிட்ட உடம்பைச் சொன்னேன், காலரிலிருந்து அடி மடிப்பு வரை எங்கெங்கே அம்பு ஒட்டினேன் என்று சொன்னேன். அவரைத் தள்ளிவிட்டு அடுத்த உருப்படிக்குக் கை நீட்டியதையும் சொன்னேன். ராத்திரியில் என் கை அவர் மேல் செய்கிற வேலையையும் சொன்னேன். டாக்டர் எழுதவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. எல்லாம் சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

திரையை விலக்கினால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் இட்லிப் பாத்திரம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கவே வேண்டாம், அவர் முகத்தில் தெரிந்தது. நான் மறந்தே போயிருந்தேன். மார்க்கெட்டில் விடியற்காலை முழுவதும் கன்னடத்தில் கத்தி வியாபாரம் செய்கிறவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாக வரும்.

பாத்திரத்தை வைத்தார். தன் இடது தோளைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ ராத்திரி நீ என்னைத் தடவுனது..."

"ஆமாங்க" என்றேன்.

அவர் டாக்டரிடம் திரும்பி, இவளுக்குச் சரியாகிவிடுமா என்று மட்டும் கேட்டார்.

சரியாகிவிடும் என்றார் டாக்டர். எங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்கினார். இந்த வகைத் தூக்க மாத்திரை சில பேருக்கு இப்படிப் பயங்கரமான கனவைக் கொண்டுவரும். சில பேரைத் தூக்கத்திலேயே எழுந்து நடக்கவும் வைக்கும். அளவு கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். உங்களுக்குப் பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை, மருந்துதான் என்றார். கனவைப் பற்றி முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பார்கள். நீங்களாக நிறுத்தியதும் தப்பு, அதனால்தான் கனவு இன்னும் மூர்க்கமாக வந்தது என்றார். ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். நரம்பு வலிக்கு வேறு மாத்திரை மாற்றினார்கள். குறைக்கும் நாட்கள் கொடுமையாக இருந்தன. வியர்த்துக் கொட்டும், கை உதறும், தூக்கம் துண்டு துண்டாக வரும். பக்கத்துப் படுக்கை அம்மா, விஷயம் தெரிந்த பிறகு, தன் ஹார்லிக்ஸில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். டிஸ்சார்ஜ் ஆகும்போது கனவு நின்றுவிட்டது. இன்றுவரைக்கும் வரவில்லை. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் அதோடு வாழ முடிகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் பக்கத்தில் படுப்பதில்லை. கதவோரமாகப் பாயைப் போட்டுக்கொண்டார். நான் மறுபடி எழுந்து வெளியே போய்விடுவேன் என்பதற்காக என்றுதான் சொன்னார். ஆனால் ஒருநாள் போர்வை போர்த்திவிட அவர் தோளைத் தொட்டேன். துள்ளி எழுந்து உட்கார்ந்து என் கையையே பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. பயந்து பயந்து நான் காப்பாற்ற நினைத்த மனிதர், என் விரலைப் பார்த்தே நடுங்குகிறார். இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டாம்.

வண்டியை இருட்டில் எடுப்பதை நிறுத்தினார். விடிந்த பிறகுதான் கிளம்பினார். அந்த நேரத்தில் பூவுக்கு மார்க்கெட்டில் யார் காத்திருப்பார்கள்? தோட்டக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்தார்கள். அப்புறம் ஒருநாள் டெம்போ மேல் தார்பாயைப் போட்டுக் கட்டினார். பிரேக் சரியில்லை என்றார். மெக்கானிக் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் தார்பாயை அவிழ்க்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பிசைந்துகொண்டே இருப்பார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த கறுப்பு, கண்ணாடியில் பார்த்துப் பழகியது. கடைசியில் அவராகவே கேட்டார்.

"உன் தூக்க மாத்திரை எதுனா மிச்சம் கீதா?"

இல்லை என்றேன். இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். மறுநாளே அதே ஹாசன் டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டோக்கன் பலகைக்கு எதிரே இந்தத் தடவை நான் துணைக்கு வந்தவளாக உட்கார்ந்தேன். அவர் முழங்கைகூட என் மேல் படாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே போனதும் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். வரவில்லை என்றார். கனவு வருகிறதா என்று கேட்டார். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மேடம்" என்றார்.

அந்த இல்லை எனக்குத் தெரியும். எத்தனை தடவை அதே ஆஸ்பத்திரியில் நான் அதை மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னதால், என்னை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத கனவு அது என்பதும் தெரிந்தது. பொய் சொல்கிறார் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. எழுந்தேன்.

"நான் வெளிய கீறேன். அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்க. நான் கேட்க மாட்டேன், இப்பவும் கேட்க மாட்டேன், வீட்டுக்குப் போயும் கேட்க மாட்டேன்."

கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் டோக்கன் வாங்கியவர்கள் முறைத்தார்கள். அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை, வாரத்துக்கு ஒரு தடவை வந்து பேசச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்படி நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்கு முன் பக்கத்து லேடீஸ் சீட்டில் இடம் கிடைத்தது. எப்போதும் அவர் பின் பக்கம் போய் ஆண்களோடு நிற்கிறவர், இறங்கும் இடத்தில்தான் முகத்தைப் பார்ப்பேன். அன்றைக்கு என் சீட்டை ஒட்டி நின்றுகொண்டார். கண்டக்டர் வந்து, "சார், ஹிந்தே ஹோகி" என்று பின்னால் போகச் சொன்னார். அவர் அசையவில்லை. கண்டக்டர் இரண்டாம் தடவை சொன்னார், பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்போதும் அசையவில்லை. சில்க் போர்டு நெரிசலில் டிரைவர் திடீரென்று பிரேக்கை மிதித்தார். சட்டென்று அவர் கை குறுக்கே வந்து என் நெஞ்சுக்கு முன்னால் தடுத்து நின்றது. டெம்போவில் பக்கத்து சீட்டில் என்னை உட்கார வைத்து ஓட்டும்போது பிரேக் போட்டால் அவர் நீட்டுகிற கை அது. பஸ் நகர்ந்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. அவர் கனவில் யார் செத்துப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொம்மனஹள்ளி வரும்வரைக்கும் அந்தக் கையை நான் விலக்கவில்லை.